பின் சக்கரம் பதினேழு

சபாங்கன்,
20 நவம்பர் 2023

ஃபெலிமோன்,

பார்சலை வைத்துக்கொண்டு கடிதத்தை மட்டும் திருப்பி அனுப்பலாம் என்று யோசிக்காதே. உப்புக்கறியின் கொழுப்பு இந்நேரம் தாளில் ஊறியிருக்கும். திருப்பி அனுப்பினாலும் நான் வாங்கமாட்டேன்.

போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். மகளின் எண்ணிலிருந்து அழைத்தேன், "ஹலோ" என்றதுமே வைத்துவிட்டாய். அதனால் பேருந்து கண்டக்டர் பெனிட்டோவைப் பிடித்தேன். "காதல் கடிதமா அக்கா?" என்று இளித்தான். "ஆமாண்டா, நாப்பத்தோரு வயசுல எனக்கு அது ஒண்ணுதான் குறைச்சல். பவாங்ல எடித் தையல் கடைன்னு கேளு, அவ தம்பி கையில குடு" என்றேன். அவன் வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவான், அதற்கு நான் பொறுப்பில்லை.

கால் எப்படி இருக்கிறது? இரண்டு கம்பி வைத்திருப்பதாகக் கேள்வி. ஊன்ற விடுகிறார்களா?

இங்கே எல்லாம் பழையபடிதான். கூட ஓட்ட ஒருத்தனைப் போட்டிருக்கிறார்கள், பெயர் ஒஸ்மண்டோ. பனிமூட்டத்தில் என் பின்விளக்கை விட்டுவிட்டு முட்டைக்கோஸ் லாரியின் பின்னால் போய்விடுகிறான். போன வாரம் தேடிக்கொண்டு நாலு மைல் திரும்பிப் போனேன். மேல் கிராமத்து நர்ஸ் சளிக் குப்பிகளைக் கொடுக்கும்போதெல்லாம் கேட்கிறாள்: "உங்க கூட வருவாரே, சிரிக்கவே மாட்டாரே, அவர் எங்க?" காசநோய்க்காரன் துப்பியதைப் பெட்டியில் கட்டிக்கொண்டு மலை இறங்குவதெல்லாம் ஒரு உத்தியோகமா என்று ஊர் சிரித்தபோது நாம் ஏழு வருடம் அதைச் சேர்ந்து செய்தோம். அதை அவளிடம் என்னவென்று சொல்ல?

உன் மோட்டார் சைக்கிள், விசாரணை முடியும்வரை, பரிசோதனைக்கூடத்துக் கொட்டகையில் முத்திரை ஒட்டி நிற்கிறது. நான் போய்ப் பார்க்கவில்லை.

அன்று விசாரணையில் நான் சொன்னதைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. மூன்று தாள் கிழித்தாயிற்று.

மார்சியா

பவாங்,
2 டிசம்பர் 2023

மார்சியா அக்காவுக்கு,

உப்புக்கறி வந்தது. எடித் அவரையோடு சேர்த்துச் சமைத்தாள். தொடக் கூடாது என்றுதான் இருந்தேன், வாசனை வந்ததும் சாப்பிட்டுவிட்டேன். இதை நன்றி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எழுத வரவில்லை என்கிறீர்கள். எனக்கு வருகிறது, நான் எழுதுகிறேன்.

அந்தக் காற்று மீட்டரை வாங்கியது நீங்கள். ஆகஸ்டில் ஒரே பெட்டியில் இரண்டு ஜோடி கொண்டுவந்தீர்கள். "ஒண்ணு வாங்கினா ஒண்ணு சும்மா குடுக்கறான்டா. வால்வுல இந்த மூடியத் திருகிட்டா போதும், உள்ள எவ்வளவு காத்துன்னு ஹேண்டில்பார்ல மாட்டற திரைக்கு அதுவே சொல்லும். காத்து இறங்கினா கத்தும்" என்றீர்கள். ஆபீசில் கேட்க வேண்டாமா என்றேன். "கேட்டா கிறிஸ்துமஸ் வரைக்கும் யோசிப்பாங்க" என்றீர்கள். நான் மாட்டிக்கொண்டேன்.

அக்டோபர் 17. காலையில் காற்றளக்கும் கேஜ் வைத்துப் பார்த்தேன், பின் சக்கரம் இருபத்தொன்பது பவுண்டு. டாட்டா மலைக்கு இந்தப் பக்கக் காப்பிக் கடைக்கு வந்தபோது உங்கள் திரை கத்தியது, பின் சக்கரம் பதினேழு என்று. இறங்கி உங்கள் சக்கரத்தைக் கேஜ் வைத்துப் பார்த்தீர்கள், இருபத்தொன்பது இருந்தது. "பொய் சொல்லுதுடா சனியன்" என்று சிரித்தீர்கள். நான் என் திரையைக் காட்டினேன். "பாருங்க, என்னுது நல்ல பிள்ளை. இருபத்தொம்போது" என்றேன். நீங்கள் குனிந்து பார்த்தீர்கள். என் திரையில் விரலால் தட்டிக்கூடப் பார்த்தீர்கள்.

ஆறு மைல் தள்ளி அந்த வளைவில் என் பின் சக்கரம் வழுக்கிக்கொண்டு போனது. சக்கரத்தில் கூரைத் தகட்டு ஆணி. காற்று ஒன்றுமே இல்லை. நான் கிடந்தேன். என்னை விட்டுவிட்டுச் சளிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னது நான்தான், அதற்காக உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

ஆனால் விசாரணையை நடத்திய காவாட் மேடம் கேட்டார்: "அவர் திரையில இருபத்தொம்போது இருந்துச்சுங்கறார். சக்கரத்துல ஆணி. நீங்க அவர் திரையைப் பாத்தீங்களா மார்சியா?"

"நான் பாக்கலைங்க."

நான் இரண்டடி தள்ளிச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை.

மீட்டர் எச்சரித்திருக்கும், அப்படியும் ஓட்டினேன், பிறகு தப்பிக்கப் பொய் சொல்கிறேன், இதுதான் இப்போது என் பெயரில் இருக்கிறது. மார்ச் 15 கடைசி விசாரணை. வேலை போனால் இங்கே பட்டன் தைத்துப் பிழைத்துக்கொள்வேன். பொய்யன் என்ற பேரோடு எப்படி மலைக்குத் திரும்புவது? அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

என்னைத் தூக்கிப் போன லாரிக்காரர் அந்தத் திரையை விலையுள்ள போன் என்று நினைத்து ஹேண்டில்பாரிலிருந்து கழற்றி என் பையில் போட்டிருக்கிறார். எடித் அதைக் கடிகாரம் என்று நினைத்து சன்னலோரம் தையல் மிஷின் பலகையில் வைத்திருக்கிறாள். வெயிலில் தானாகச் சார்ஜ் ஏறிக்கொள்கிறது. மிஷின் அதிரும்போதெல்லாம் விழித்து, எண் இருக்க வேண்டிய இடத்தில் கோடு கோடாகக் காட்டுகிறது. அதைப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருக்கிறேன்.

ஃபெலிமோன்

சபாங்கன்,
19 டிசம்பர் 2023

ஃபெலிமோன்,

சரி. பார்த்தேன். இருபத்தொன்பது. விரலால் தட்டினேன். போதுமா?

நீயும் கொஞ்சம் கேள். கேட்காமல் எதையும் வண்டியில் மாட்டினால் வேலை போகும் என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அந்தக் காவாட் அம்மாள் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தபோது எனக்கு என் மகள்தான் தெரிந்தாள். நர்ஸ் படிப்பு, இன்னும் இரண்டு வருடம். அவள் அப்பா தாய்வானுக்குப் போனவர் போனவர்தான், உனக்குத் தெரியும். பார்த்தேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி, இந்த மீட்டர் யார் வாங்கியது? வாயிலிருந்து "பாக்கலைங்க" என்று தானாக வந்துவிட்டது. வந்தபிறகு எப்படி விழுங்குவது?

மேலும் சொன்னால்தான் என்ன ஆகும்? அந்த மீட்டர் இரண்டும் பித்தலாட்டம். காற்று நிறைய இருக்கிற என் சக்கரத்துக்குப் பதினேழு என்று ஊளையிட்டது. ஆணி ஏறிய உன் சக்கரத்துக்கு இருபத்தொன்பது என்று கொஞ்சியது. நீ போன பிறகு என்னுடையது எண்ணே காட்டுவதில்லை, உன்னுடையதைப் போலவே கோடு. மூடிக்குப் புதுப் பேட்டரி போட்டேன், அப்படியும் கோடுதான். இப்படிப்பட்ட சாமானுக்காக நான் வேலையை விட வேண்டுமா? ஓட்டுபவர்கள் காற்று மீட்டரை நம்பவே கூடாது என்று நானே எழுதிக் கொடுக்கிறேன். அது உனக்கு உதவாதா?

படித்துப் பார்த்தால் எனக்கே கேவலமாக இருக்கிறது. இருந்தாலும் அனுப்புகிறேன், பெனிட்டோ ஹாரன் அடிக்கிறான்.

சிவப்பரிசி வைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு எடித் பொங்கட்டும்.

மார்சியா

பவாங்,
6 ஜனவரி 2024

அக்கா,

உதவாது.

மீட்டர் பித்தலாட்டம் என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால், பித்தலாட்ட மீட்டரை நம்பி ஓட்டிய முட்டாள் என்று எனக்கு இன்னொரு பேர் சேரும். நான் கேட்டது ஒரே வாக்கியம். "நான் பார்த்தேன்." உங்கள் மகளின் படிப்பு எனக்கும் தெரியும். அவள் சேரும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதி மாடிவரை ஏறியவன் நான்தான்.

இனி எழுத வேண்டாம். அரிசி நன்றாக இருந்தது என்று எடித் சொல்லச் சொன்னாள்.

ஃபெலிமோன்

சபாங்கன்,
10 பிப்ரவரி 2024

ஃபெலிமோன்,

எழுதாதே என்றாய். மன்னித்துக்கொள், இதை எழுதாமல் இருக்க முடியாது. உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்காதே, உன் கால் இருக்கிற இருப்பில்.

வியாழக்கிழமை கொட்டகைக் கூரையில் தகடு மாற்றினார்கள். உன் வண்டியை வெளியே எடுக்கக் காவலாளி கார்டிங்குக்கு முத்திரையைப் பிரிக்க அனுமதி கொடுத்திருந்தார்கள். நான் அப்போதுதான் பெட்டியை இறக்கிவிட்டு என் வண்டியில் உட்கார்ந்திருந்தேன். கார்டிங் உன் வண்டியை, பின் சக்கரம் தட்டையாகத் தரையில் அடித்துக்கொண்டே, என் பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்தான்.

என் திரை கத்தியது.

ஏறத்தாழ நாலு மாதமாகக் கோடு மட்டும் காட்டிய திரை. முன் சக்கரம் இருபத்துநான்கு, பின் சக்கரம் சைபர்.

என் பின் சக்கரத்தை அமுக்கிப் பார்த்தேன், கல் மாதிரி இருக்கிறது. "வண்டிய அந்தப் பக்கம் தள்ளுடா" என்றேன். தள்ளினான், கொஞ்ச நேரத்தில் மறுபடி கோடு. "இந்தப் பக்கம் தள்ளு." மறுபடி இருபத்துநான்கு, சைபர். "என்னக்கா, விளையாட்டுக் காட்டறியா? எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு" என்று வண்டியை நிறுத்திவிட்டான். நான் உள்ளே ஓடிப் பம்பை எடுத்துவந்தேன். உன் பின் சக்கரத்து ஆணி ஓட்டையில் அவனை விரலை வைத்துக்கொள்ளச் சொல்லி, மூடியைக் கழற்றிக் காற்று அடித்து, அதே மூடியைத் திருகினேன். என் திரையில் ஐந்து ஏறியது. மறுபடி மறுபடி அடித்துத் திருகினேன். எட்டு. பத்து.

புரிகிறதா? என் திரை பார்த்துக்கொண்டிருந்தது உன் சக்கரத்தை. உன் திரை பார்த்துக்கொண்டிருந்தது என் சக்கரத்தை.

ஒவ்வொரு வெள்ளியும் வண்டிக்குப் பிளீச்சிங் தண்ணீர் அடிப்பார்களே, கிருமி சாகட்டும் என்று. அது மூடியை அரிக்கும் என்று கழற்றிப் பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்போம். பின் சக்கரத்து மூடிக்கு அடையாளமாக மகளின் சிவப்பு நகப்பூச்சை வைத்தது நான். முன் எது, பின் எது என்று குழம்பக் கூடாதாம். என்ன சாமர்த்தியம் பார்! எந்த வண்டிக்கு எது என்று ஒரு புள்ளி வைக்கத் தோன்றவில்லை. எப்போதும் அவரவர் கழற்றி அவரவர் மாட்டுவோம். அக்டோபர் 13 வெள்ளி, நீ சளிப் படிவங்களோடு உள்ளே போய் நெடுநேரம் வரவில்லை. மழை வேறு வந்துவிட்டது. நான்தான் டப்பாவை எடுத்து நான்கு மூடியையும் மாட்டினேன். இந்தக் கையால்.

அன்று மாலை தனியாக வீட்டுக்குப் போகும்போதே என் திரையில் கோடு விழுந்தது. மழைக்கு அப்படி ஆகிறது என்று விட்டுவிட்டேன். திங்களன்று உன்னைப் பார்த்ததும் எண் வந்துவிட்டது. மழைக்காலத்தில் இரண்டு வண்டியும் சேர்ந்துதான் போக வேண்டும் என்று விதி. நீ பத்தடி பின்னால் என் விளக்கைப் பிடித்துக்கொண்டே வருவாய். அதனால் எண் விடாமல் வந்துகொண்டே இருந்தது.

ஆக, அந்தச் சனியன் பொய் சொல்லவில்லை. காப்பிக் கடையில் அது கதறியது உனக்காக. பதினேழு உன் சக்கரம். நான் என் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கத்தாதே என்று பொத்தானை அமுக்கிவிட்டு, காப்பி குடித்தேன். அது கத்தியது என்று விசாரணையில் நான் சொல்லவும் இல்லை, என் வண்டியின் சமாசாரம்தானே என்று.

ஃபெலிமோன், உன் காலை உடைத்தது நான். அதற்கு மேல் உன்னைப் பொய்யனும் ஆக்கினேன்.

மார்ச் 15 அன்று எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். பார்த்ததை, கத்தியதை, மாட்டியதை. மூடிகளை அப்படியே விட்டிருக்கிறேன். உன்னுடையவை என் வண்டியில், என்னுடையவை உன் வண்டியில். உன்னிடம் கேட்காமல் இனி ஒரு மூடியையும் வண்டி மாற்றமாட்டேன்.

மார்சியா

பவாங்,
22 பிப்ரவரி 2024

அக்கா,

உட்கார்ந்துதான் படித்தேன். பிறகு எடித்தைப் படிக்கச் சொன்னேன், எனக்குத்தான் தவறாகப் புரிகிறதோ என்று. அவள் மிஷினை நிறுத்திவிட்டு இரண்டு தடவை படித்தாள். "ரெண்டு பேரும் ஒருத்தர் சக்கரத்த ஒருத்தர் பாத்துக்கிட்டு, அது யாரோடதுன்னு தெரியாமலே ஓட்டியிருக்கீங்க. நல்ல ஜோடிடா" என்றாள். நான் சிரித்தேன். விழுந்த பிறகு முதல் தடவை. சிரித்து முடித்ததும் உங்கள் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது, தலையணையைத் தூக்கி அடித்தேன்.

பத்து நாளாக யோசித்துவிட்டு எழுதுகிறேன். காப்பிக் கடையில் கேஜ் உங்கள் கையில் இருந்தது. என் வண்டி பக்கத்தில் நின்றது. "என்னுதையும் ஒரு தடவை பாருங்க" என்று நான் சொல்லியிருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை. கழற்றித் தூக்கிப் போடுங்கள் என்று உங்களைக் கேலி செய்துகொண்டிருந்தேன். மூடி மாறியது உங்கள் கையால். அதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் இருந்தது, அந்த நிமிடத்தை இருவரும் சேர்ந்துதான் வீணாக்கினோம். ஆகவே காலை உடைத்தது நான் என்று மொத்தத்தையும் நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் "பாக்கலைங்க" என்றது உங்கள் வாய் மட்டும்தான். அது இன்னும் வலிக்கிறது.

மார்ச் 15 பற்றி என்ன எழுதுவது? சொல்லுங்கள் என்று எழுதினால் உங்கள் வேலை போகும். சொல்லாதீர்கள் என்று எழுத எனக்கு மனசு இல்லை. நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள், அதனால் நான் இரண்டையும் எழுதவில்லை.

இன்னொன்று. இதை எடித்துக்குக்கூடச் சொல்லவில்லை. தெருவில் மோட்டார் சைக்கிள் திரும்பும் சத்தம் கேட்டால் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன். வேலையே திரும்பி வந்தாலும் ஏறி உட்காருவேனா தெரியாது. இரண்டு கைத்தடி வைத்து நண்டு மாதிரி நடக்கிறேன். நீங்கள் இங்கே வர வேண்டாம். என்னை இப்படி நீங்கள் பார்க்க வேண்டாம்.

ஃபெலிமோன்

சபாங்கன்,
17 மார்ச் 2024

ஃபெலிமோன்,

சொல்லிவிட்டேன்.

பயணம் செய்ய மருத்துவர் அனுமதி தரவில்லை என்ற உன் கடிதத்தை முதலில் படித்தார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவில் காவாட் அம்மாள். நான் எழுதிக்கொண்டு போன தாளை எடுத்தேன், படிக்கவில்லை. மடித்துப் பையில் வைத்துவிட்டு, "எல்லாரும் கொஞ்சம் முற்றத்துக்கு வாங்க. வாயால சொன்னா நம்பமாட்டீங்க" என்றேன்.

"இது என்ன மார்சியா, சந்தையா?" என்றார் அம்மாள்.

"ரெண்டு நிமிஷம் மேடம். அப்புறம் என்னை என்ன வேணாலும் செய்யுங்க."

வந்தார்கள். உன் பின் சக்கரத்து ஓட்டையில் நான் முதல் நாளே ரப்பர் அடைப்பைச் செருகி, கார்டிங் முன்னிலையில் இருபத்தொன்பது காற்று வைத்திருந்தேன். என் வண்டியை அதன் பக்கத்தில் நிறுத்தினேன். காவாட் அம்மாளிடம் என் திரையைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னேன். மூடியைக் கழற்றினால் காட்சி கெட்டுவிடும் என்பதால், அந்த அடைப்பையே குறட்டால் பிடுங்கினேன். புஸ்ஸென்று உன் சக்கரத்திலிருந்து காற்று போகிறது, அவர் கையில் என் திரை இறங்குகிறது. இருபத்தைந்து. இருபத்தொன்று. பதினேழில் அது கத்தியபோது அந்த அம்மாள் பயந்து கீழே போடப் பார்த்தார்.

"இது உங்க வண்டியோட திரைதானே?"

"ஆமாங்க."

"அப்ப அவர் திரையில?"

"என் சக்கரம் மேடம். இருபத்தொம்போது. நான் அன்னிக்குக் குனிஞ்சு பாத்தேன். விரலால தட்டிப் பாத்தேன். போன தடவை பாக்கலைன்னு சொன்னது பொய். அவர் சொன்னது நிஜம். மூடிய மாத்தி மாட்டினதும் நான்தான்."

அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ இந்தச் சாமான நம்பலாமா, நம்பக் கூடாதா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையோடு சேர்ந்து. "அது ஒரு எண்ணைக்கூடத் தப்பாச் சொல்லலைங்க. யாரோட சக்கரம்னு பாக்கறது எங்க வேலை. நாங்கதான் பாக்கல" என்றேன்.

உன் மேல் இருந்த குற்றத்தைத் தள்ளுபடி செய்தாயிற்று. பொய் சொன்னார் என்ற வரியைப் பேனாவால் கோடு போட்டு அழித்து, பக்கத்தில் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள், நான் பார்க்கும்படி. இந்தத் தடவை நன்றாகவே பார்த்தேன். ஜூன் முதல் நீ வரலாம். வண்டி ஓட்ட முடியாவிட்டால் குப்பிகளை வாங்கிப் பதியும் வேலை தருவதாகச் சொன்னார்கள், நீயே முடிவு செய். எல்லா வண்டிக்கும் இந்த மீட்டர் வாங்கப் போகிறார்களாம், மூடியில் வண்டி எண் பொறித்து. நிற்கிற இடத்திலெல்லாம் இரண்டு வண்டிக்கும் கேஜ் வைக்க வேண்டும் என்று விதியிலும் சேர்க்கிறார்கள்.

என்னை மே கடைசிவரை வீட்டில் உட்காரச் சொல்லிவிட்டார்கள், வண்டியை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. வேலையை விட்டே துரத்துவார்கள் என்றுதான் துணி மூட்டை கட்டாத குறையாகப் போனேன். மகளுக்கு நானே சொன்னேன். "அம்மா, இத நீ அக்டோபர்லயே செஞ்சிருக்கணும்" என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.

வராதே என்றாய், வரமாட்டேன். கொல்லையில் அவரை நட்டுக்கொண்டு கிடக்கிறேன். உன் மூடிகள் இன்னும் என் வண்டியில்தான் இருக்கின்றன.

அந்த "பாக்கலைங்க"வை அழிக்க என்னிடம் பேனா இல்லை. மன்னிப்புக் கேட்கிறேன். எப்போதாவது கொடுத்தால் போதும்.

மார்சியா

பவாங்,
7 ஏப்ரல் 2024

அக்கா,

உங்களைத் திட்டத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று சனிக்கிழமை, மாலை நாலு மணி. எடித் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். மிஷின் பலகையில் இருந்த திரை, நவம்பரிலிருந்து கோடு மட்டும் காட்டிய அந்தத் திரை, திடீரென்று எண் காட்டியது. "பாருடா, உன் கடிகாரத்துக்கு உயிர் வந்துடுச்சு" என்றாள் எடித்.

முன் சக்கரம் இருபத்தேழு. பின் சக்கரம் இருபத்திரண்டு.

நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உலகத்தில் அந்த எண்ணை அந்தத் திரைக்கு அனுப்பக் கூடிய வண்டி ஒன்றுதான். அது மலை மேல் அவரைத் தோட்டத்தில் நிற்க வேண்டிய வண்டி.

"எடித், நிறுத்தாத, தைச்சுக்கிட்டே இரு. நிறுத்தினா இது தூங்கிடும்" என்றேன். கைத்தடியைத் தேடினேன், ஒன்றுதான் கிடைத்தது. அந்த ஒன்றோடு, யாரும் பிடிக்காமல், பதினான்கு படியும் இறங்கினேன். மேலே எடித் தைப்பதற்குத் துணியே இல்லாமல் மிஷினை மிதித்துக்கொண்டு கத்துகிறாள்: "இன்னும் இருக்குடா! இருபத்தேழு, இருபத்திரண்டு! மெதுவா போ!" கதவைத் திறந்து தெருவுக்கு வந்தபோது, "கோடு விழுந்துடுச்சு" என்றாள். பதினோரு நிமிடம், அவள் பார்த்திருக்கிறாள்.

முனையில் ரொட்டிக் கடைக்கார அம்மாளைக் கேட்டேன். எங்கள் சன்னலிலிருந்து அது பத்தே அடி, நடுவில் வாழைத்தார் வண்டி நின்றதால் மேலிருந்து தெரியவில்லை. "ஹெல்மெட் போட்ட பொம்பளை ஒண்ணு வந்துச்சு. ஆறு ரொட்டி வாங்கிச்சு. ரெண்டைத் தின்னுட்டு உங்க வீட்டையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. அழுதுச்சா வேர்த்துச்சான்னு தெரியல. மீதி நாலையும் எங்கிட்டயே குடுத்துட்டுத் திரும்பிப் போயிடுச்சு. கிறுக்கா?" என்றாள். "ஆமா, கிறுக்குதான். எங்க அக்கா" என்றேன். நாலு ரொட்டியையும் வாங்கிக்கொண்டேன். இரண்டை அங்கேயே நின்று சாப்பிட்டேன்.

ஆறு மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்து, பத்தடியில் திரும்பிப் போகிற ஆள் உண்டா? நான் வர வேண்டாம் என்றால் வராமல் இருந்துவிடுவதா? ஏழு வருடத்தில் நான் சொன்ன எதைக் கேட்டிருக்கிறீர்கள், இதைக் கேட்பதற்கு?

இன்னொன்று. நீங்கள் போன பிறகு அங்கே நிற்கும்போது ஒரு மோட்டார் சைக்கிள் என்னை உரசுவது போலத் திரும்பியது. கையில் ரொட்டி இருந்ததால் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அப்படியே நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. படியேறி வந்தபிறகுதான் அது எனக்கே உறைத்தது.

மன்னிப்பு கேட்டிருந்தீர்கள். கடிதத்தில் வைத்து அனுப்பினால் பெனிட்டோ வழியெல்லாம் படித்துக்கொண்டே வருவான். நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பின் சக்கரம் இருபத்திரண்டோடு மலை ஏறியிருக்கிறீர்கள். ஏழு பவுண்டு குறைவு. உங்கள் கேஜ் என்ன ஆயிற்று? ஆணி ஏறியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், இந்த வரியைப் படித்ததும் எழுந்து போய்ப் பாருங்கள். உங்கள் திரையில் அது தெரியாது. எனக்குத்தான் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை வாருங்கள். மூடிகளை மாற்ற வேண்டாம், ஜூனில் நான் வந்து என் கையால் மாட்டிக்கொள்கிறேன். ஓட்ட வருவேனா, குப்பி பதிய வருவேனா என்பதை அப்போது பார்க்கலாம்.

வந்ததும் முனையில் நின்று யோசிக்காதீர்கள். கதவையும் தட்ட வேண்டாம். எடித் அன்றைக்குக் காலையிலிருந்தே மிஷினை நிறுத்தாமல் மிதிப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

உங்கள் தம்பி,
ஃபெலிமோன்